ஊசிப் பேச்சும் சாலையோரப் பள்ளமும்: சைக்கிள் பந்தயத்துக்கு அனுமதி மறுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனுமதி வழங்கும் பொறுப்பிலுள்ள அதிகாரி அவர்களுக்கு,

பள்ளி மாணவர்களுக்கான 20 கிலோமீட்டர் சாலை சைக்கிள் பந்தயத்துக்கு நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். சொன்ன காரணங்கள் இரண்டு. சைக்கிள் பந்தயம் உலகம் முழுக்க ஊக்கமருந்தால் கெட்டுப்போன விளையாட்டு, அதை இங்கே வளர்த்தால் பையன்கள் ஊசிக்குப் பழகிவிடுவார்கள் என்பது ஒன்று. சாலை மோட்டார் வாகனங்களுக்கானது, பந்தயம் விட்டால் நெரிசலாகும், சைக்கிளை மைதானத்துக்குள் ஓட்டிக்கொள்ளட்டும் என்பது மற்றது.

அனுமதி மறுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. எங்கள் சண்டை காரணங்களோடுதான். ஹெல்மெட் போட்டு வேகமாக மிதிக்கிறவனைக் கண்டால் ‘மருந்து போட்டு ஓட்டுதான்’ என்பது, பால்கேன் கட்டி மெதுவாகப் போகிறவரைக் கண்டால் ‘ஓரமாப் போலே’ என்பது. நெல்லைச் சீமையில் இந்த இரண்டு பேச்சையும் ஒரே வாயிலிருந்து கேட்டுப் பழகியிருக்கிறோம். டீக்கடையில் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். அலுவலகத் தாளில் அதுவே வரும்போது பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஊக்கமருந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சைக்கிள் உலகம் யோக்கியமானது என்று வாதாட நாங்கள் வரவில்லை. 1967 ஜூலை 13 அன்று, உலகின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், மோன் வான்டூ மலைமேல் ஏறும்போது பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார். உடம்பில் ஆம்ஃபெட்டமைன் என்னும் ஊக்கமருந்தும் சாராயமும் இருந்தன, மேலே கொளுத்தும் வெயில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸில் முதன்முதலாகச் சோதனை செய்ய வந்தபோது, மறுநாள் வீரர்கள் சைக்கிளை விட்டிறங்கி நடந்து எதிர்ப்புக் காட்டினார்கள். 1998இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் காரில் ஈ.பி.ஓ. என்னும் ரத்தம் பெருக்கும் மருந்தும் வளர்ச்சி ஹார்மோனும் நிரப்பிக்கொண்டு பெல்ஜியம் எல்லையில் பிடிபட்டார். அந்த ஆண்டு டூரில் புறப்பட்ட 189 பேரில் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் நூறுக்கும் குறைவு. அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அவரைக் கவிழ்த்தது சிறுநீர்ப் பாட்டிலைவிட, கூடவே ஓட்டிய அணித்தோழர்களின் வாக்குமூலம்தான்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியவந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சோதித்தார்கள், சோதனைக்குத் தப்பியவர்களை விசாரித்தார்கள், அதனால் தெரிந்தது. சோதனையே செய்யாத விளையாட்டில் ஊழல் இல்லாததுபோலத்தான் தோன்றும்.

அந்தச் சோதனையும் ஒரே நாளில் கூர்மையானதில்லை. ஈ.பி.ஓ. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தம் கூடுதல் ஆக்சிஜனைச் சுமக்கும், கூடவே தடித்தும் போகும். அதைக் கண்டறியும் சோதனை வராத 1997இல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு கோடு கிழித்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹீமட்டோக்ரிட், ஆண்களுக்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வாரம் ஓட்டக்கூடாது. நல்ல எண்ணம்தான். நடந்ததோ, 50ஐத் தொடாமல் 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அணி மருத்துவர்களுக்கு அது ஓர் அளவுகோல் கொடுத்ததுபோல ஆயிற்று. ஈ.பி.ஓ.வை நேரடியாகப் பிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. உடனே சிலர் தங்கள் ரத்தத்தையே எடுத்துக் குளிரில் வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளும் பழைய வித்தைக்குத் திரும்பினார்கள். அதைப் பிடிக்க 2008இல் உயிரியல் பாஸ்போர்ட் வந்தது. இது மருந்தைத் தேடுவதில்லை, ஒரே ஆளின் ரத்தத்தை மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் கூடும். ‘இருப்பு போதும்’ என்று உடம்பு புது அணுக்கள் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், ரெட்டிகுலோசைட் என்னும் புதிதாய்ப் பிறந்த சிவப்பணுக்களின் பங்கு விழும். ஒன்று ஏறி மற்றது இறங்கும் இந்தக் கோலம் இயற்கையில் அவ்வளவு எளிதில் அமையாது. ஏமாற்றுவதை இது அடியோடு ஒழித்துவிடவில்லை. முன்புபோல அள்ளிப் போட முடியாதபடி கையைக் கட்டியிருக்கிறது.

சந்தேகப் பேச்சு மட்டும் என்ன சாதித்தது? 1999 டூரில் கிறிஸ்டோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சு வீரர் ஊக்கமருந்துக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள், ஆர்ம்ஸ்ட்ராங் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார், பந்தயத்தின் நடுவிலேயே அவர் விலகினார். அதே ஆண்டு சாலையோரத்துக் கூட்டம் கைதட்டியது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. 2015 டூரில் முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்த கிறிஸ் ஃப்ரூம்மீது ஒரு பார்வையாளர் ‘மருந்து போட்டவன்’ என்று கத்தியபடி ஒரு கோப்பைச் சிறுநீரை வீசினார். அப்போது ஃப்ரூம் எந்தச் சோதனையிலும் மாட்டியிருக்கவில்லை. 2017இல் அவருடைய உடம்பில் ஆஸ்துமா மருந்தான சல்பியூட்டமாலின் அளவு வரம்பைத் தாண்டியது பற்றி எழுந்த விசாரணையும் 2018இல் அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. யோக்கியனை விரட்டி, ஏமாற்றியவனைத் தோளில் தூக்கி, பிறகு யாரைப் பார்த்தாலும் காறித் துப்புவது: சோதனையில்லாத சந்தேகம் போகும் வழி இதுதான். உங்கள் கடிதத்தின் முதல் காரணமும் இந்த வகையில்தான் சேரும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பாளையங்கோட்டையிலோ ஆலங்குளத்திலோ ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கையில் ஈ.பி.ஓ. வந்து சேரும் என்று நீங்கள் பயந்தால், பயம் தவறான இடத்தில் இருக்கிறது. அதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், பணம் வேண்டும், கூடவே ஒரு மருத்துவர் வேண்டும். பயப்பட வேண்டியவை மெடிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருள்கள்.

முதலாவது மெஃபென்டெர்மின். அறுவைச் சிகிச்சையின்போது முதுகில் மயக்க ஊசி போட்டபின் ரத்த அழுத்தம் விழுந்தால் தூக்கிவிடக் கொடுக்கும் மருந்து இது. ஜிம் வட்டாரத்தில் பேர் தெரிந்த ஊசி. ஆம்ஃபெட்டமைனின் உறவுக்காரன்தான். இதயத்துடிப்பும் அழுத்தமும் ஏறும், களைப்புத் தெரியாது. களைப்புத் தெரியாததுதான் இங்கே எமன். மே மாதத்து நெல்லை வெயிலில், காலை ஒன்பது மணிக்குமேல், உடம்பு ‘நிறுத்து’ என்று சொல்வதைக் கேட்காமல் மிதிக்கிறவனுக்கு உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டலாம். தோலுக்கு ரத்தம் போய் வியர்த்தால்தான் சூடு இறங்கும். இந்த மருந்து ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, தண்ணீரும் குறைந்திருக்கும். சிம்ப்சன் விழுந்ததும் இந்தக் கணக்கில்தான். பந்தயம் 8 மணிக்குள் முடிய வேண்டும் என்று எங்கள் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததற்குக் காரணம் இதுவே.

அடுத்து டெக்சா என்று கடையில் சொல்லும் டெக்சாமெத்தசோன். இதுபோன்ற ஸ்டீராய்டுகளை வாய்வழியாகவோ ஊசியாகவோ போட்டியின்போது எடுக்கத் தடை. எல்லா வகை ஊசிக்கும் இந்தத் தடை 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. வலி மாத்திரைகளில் டிராமடால். சைக்கிள் சங்கம் 2019 மார்ச்சிலேயே தடுத்தது, உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா 2024 ஜனவரி முதல் தடுத்திருக்கிறது. வலியை மறைப்பது மட்டும் இல்லை, தலையை மந்தமாக்கும். கூட்டமாக ஓட்டும்போது ஒருவன் மந்தமானால் பின்னால் வருகிற பத்துப் பேரும் விழுவார்கள்.

மூன்றாவது வகை இதைவிட அப்பாவித்தனமானது. சளிக்குக் கொடுக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது, அது எந்நேரமும் தடை. சல்பியூட்டமாலை இன்ஹேலராக, 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்கு மிகாமல், எந்த எட்டு மணி நேரத்திலும் 600க்கு மிகாமல் எடுக்கலாம். அதையே சிரப்பாகவோ மாத்திரையாகவோ விழுங்கினால் குற்றம். மூக்கடைப்பு மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின் போட்டியன்று ஓர் அளவுக்குமேல் போனால் மாட்டும். வீக்கம் வடியக் கொடுக்கும், எடை குறையச் சிலர் விழுங்கும் லேசிக்ஸும் தடைதான், மற்ற மருந்துகளை மறைக்க உதவும் என்பதால். ‘தெரியாமல் குடித்துவிட்டேன்’ என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது. உடம்பில் இருப்பதற்கு உடம்புக்காரனே பொறுப்பு என்பது விதி. காபி குடிக்கலாமா என்று கேட்கிற பெற்றோர் நிறையப் பேர். குடிக்கலாம், காஃபின் 2004லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் பாராசிட்டமாலுக்கும் தடையில்லை.

இந்த விவரமெல்லாம் ஒரு பையனுக்கு எங்கே கிடைக்கும்? அனுமதி பெற்ற பந்தயத்தில் கிடைக்கும். பெயர் பதியும்போது ‘கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள்’ என்று ஒரு தாள் நிரப்ப வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும், சந்தேகமான பெயர் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பி முறையான விலக்குச் சான்று வாங்கிவரச் சொல்ல வேண்டும். இது எங்கள் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கிடைக்காத இடம் எது என்றும் உங்களுக்குத் தெரியும். விடியுமுன் புறவழிச்சாலையில் பணம் கட்டி ஓட்டும் பந்தயங்கள். அங்கே ஹெல்மெட் கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது, யாரும் பாட்டிலோடு சோதிக்க வரப்போவதும் கிடையாது. நீங்கள் ஒரு பந்தயத்தை மறுக்கும்போது அந்தப் பையன்கள் சைக்கிளை விற்றுவிட்டுப் படுத்துக்கொள்வதில்லை.

இந்தியாவில் ஊக்கமருந்துச் சிக்கல் இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. வாடாவின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 மாட்டின. அந்த ஆண்டு செப்டம்பரில் டெல்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார், மற்றவர்கள் காணாமல் போனார்கள். அதற்காக யாரும் பாளை அண்ணா விளையாட்டரங்கில் ஓட்டப்பந்தயத்தை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. தாமிரபரணியில் சுழி இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தராமல் இருக்கிறோமா? கபடிக்கும் தடகளத்துக்கும் பளுதூக்கலுக்கும் ஒரு நியாயம், சைக்கிளுக்கு வேறு நியாயம் என்றால் அது எந்த ஆணையில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

இரண்டாவது காரணம், மைதானம். 400 மீட்டர் ஓடுதளத்தில் 20 கிலோமீட்டர் என்பது 50 சுற்று. நாற்பது பேரை ஒன்றாக விட்டால் ஐந்தாறு சுற்றிலேயே முன்னவன் பின்னவனைப் பிடித்துவிடுவான், பிறகு யார் எந்தச் சுற்றில் இருக்கிறான் என்று எண்ணவே முடியாது. வளைவின் ஆரம் சுமார் 36 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டரில் திரும்ப 15 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்ளும், மேலே புழுதி படிந்த தளத்தில் வழுக்கும். இதற்காகத்தான் வெலோட்ரோம் என்னும் சைக்கிள் ஓடுதளத்தில் வளைவைச் சுவர்போலச் சரித்துக் கட்டுகிறார்கள். நமக்குப் பக்கத்து வெலோட்ரோம் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இருக்கிறது. செயற்கை ஓடுதளத்தில் சைக்கிள் விட்டால் விளையாட்டரங்கக் காவலாளியே விரட்டுவார், அவர் செய்வது சரி.

மேலும், தமிழக அரசே ஒவ்வோர் ஆண்டும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டியைச் சாலையில்தான் நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்பிள்ளைகளுக்கு 10. அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் 20, 15. இந்தியத் தயாரிப்பு சாதாரண சைக்கிள், கியர் கூடாது. நாங்கள் கேட்டதும் அதே தூரம், அதே சைக்கிள். 44 பல் சக்கரமும் 18 பல் ஃப்ரீவீலும் உள்ள சாதாரண வண்டி ஒரு மிதிக்கு ஐந்தேகால் மீட்டரை ஒட்டி நகரும். நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தாலும் 29 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. டவுனிலிருந்து ஜங்ஷன் வரும் ஷேர் ஆட்டோவின் வேகம்கூட இல்லை.

சட்டத்தையும் பார்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு மாநில அரசின் அனுமதியின்றிப் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது, ஆனால் அது மோட்டார் வாகனங்களுக்கு இடையிலான பந்தயம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 138(1ஏ) பிரிவு மோட்டார் இல்லாத வாகனங்களையும் நடப்பவர்களையும் பொது இடங்களில் ஒழுங்குபடுத்த விதி செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. ஒழுங்குபடுத்து என்றுதான் சொல்கிறது. அதே திருத்தத்தில் 198ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. சாலையை வகுத்த தரப்படி அமைக்காததாலோ பராமரிக்காததாலோ சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். சாலை யாருக்கானது என்று எங்களுக்குக் கற்பித்த கடிதத்தில் இந்தப் பிரிவைக் காணவில்லை.

பந்தயக்காரர்களை விடுங்கள். நெல்லையிலிருந்து தென்காசி, அம்பாசமுத்திரம், தூத்துக்குடி, நாங்குநேரி என்று எந்தத் திசையில் போனாலும் சைக்கிளில் போகிறவர்கள் யார்? பால்காரர், மீன்காரர், பீடிக் கட்டுகளைக் கம்பெனியில் கொண்டு சேர்ப்பவர், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். 2022இல் மட்டும் நாட்டில் சாலையில் செத்த சைக்கிள்காரர்கள் நான்காயிரத்துக்கும் மேல். ‘ஓரமாப் போ’ என்கிறீர்களே, அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறோம்.

முதலில் விளிம்பு. பழைய சாலைமேல் புதிது புதிதாகத் தார் போட்டு உயர்த்துகிறார்கள், பக்கத்து மண்ணை நிரப்புவதில்லை. ஏழு எட்டு சென்டிமீட்டர் படி உருவாகிறது. பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் சைக்கிள்காரர் மண்ணில் இறங்குகிறார். இறங்குவதில் ஆபத்து குறைவு. ஏறுவதில்தான் சாவு. சாலைக்கு இணையாக ஓட்டிக்கொண்டே ஹேண்டிலை லேசாகத் திருப்பினால் முன்சக்கரம் படியில் ஏறாமல் அதை உரசிக்கொண்டே போகும். மேல் உடம்பு சாலைப் பக்கம் சாய்ந்துவிட்டது, சக்கரம் கீழேயே நிற்கிறது. ஆள் வலப்பக்கம், அடுத்து வரும் வண்டிக்கு முன்னால் விழுகிறார். போலீஸ் அறிக்கையில் ‘திடீரென்று குறுக்கே விழுந்தார்’ என்றுதான் இருக்கும். விளிம்பை நெருங்கி நின்று, கிட்டத்தட்டக் குறுக்காகத் திருப்பி ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். பின்னால் லாரி நிற்கும்போது அதைச் செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது? தீர்வு மிக எளிது. படியைச் சரிவாக இழைக்க வேண்டும், மண் கிராவல் நிரப்பி இறுக்க வேண்டும்.

அடுத்து, ஊர் எல்லைகளில் வேகத்தைக் குறைக்கப் போடும் வரிசைப் பட்டைகள். கார்களுக்காகப் போட்டது, சாலையின் கடைசி அங்குலம் வரை இழுத்துவிடுகிறார்கள். கேரியரில் 40 லிட்டர் பால் கட்டியவருக்கு ஒவ்வொரு பட்டையும் பின்சக்கர ஸ்போக்கில் விழும் அடி. கேன் குதித்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். அதனால் அவர் பட்டையைச் சுற்றி மண்ணில் இறங்குகிறார், மறுபடி மேலே சொன்ன படி. இடது ஓரத்தில் அரை மீட்டர் இடைவெளி விட்டால் போதும். பைக்குகள் அதில் நுழையும் என்பீர்கள், நுழையத்தான் செய்யும். அதற்காகச் சைக்கிளைச் சாகடிக்க முடியாது.

வடிகால் மூடிகளின் கம்பிகள் பல இடங்களில் சாலைக்கு இணையாக இருக்கின்றன, குறுக்காக வைத்தால் சக்கரம் இறங்காது. ஓரத்து உடைமரங்களை வெட்டுகிறவர்கள் முள்ளைக் கூட்டி அள்ளுவதில்லை, ஓரமாகப் போகிறவருக்குப் பஞ்சர் அங்கேதான்.

காற்று தனிக்கதை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றைப் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஓட்டியவர்களைக் கேளுங்கள். தெற்கே போகிறவருக்குக் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கிறது, அதனால் அவர் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டுகிறார். ஒரு லாரி உரசிக்கொண்டு முந்தும்போது காற்று சட்டென்று மறைகிறது. சாய்ந்த உடம்பு லாரியை நோக்கிப் போகிறது. லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைகிறது, இப்போது இடப்பக்கப் பள்ளத்துக்கு. இந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். பிரான்சில் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்த ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சைக்கிள்காரர் குடித்திருக்கிறார் என்று பழக்கமில்லாத ஓட்டுநர்கள் நினைப்பது இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான். அதையும் ‘மருந்து’ கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

போக்குவரத்து நெரிசல் பற்றிய உங்கள் கவலை மட்டும் நியாயமானது, அதற்கு எங்கள் திட்டத்தில் பதில் இருக்கிறது. இடப்பக்கத் திருப்பங்கள் மட்டுமே உள்ள சுற்றுப்பாதை, எனவே எதிர்வரும் வண்டிகளை எங்கும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. காலை 6:15க்குத் தொடக்கம். முன்னே ஒரு பைலட் வண்டி, கடைசியில் ஆம்புலன்ஸும் பின்தங்கியவர்களை ஏற்றும் வேனும். முதல்வனுக்குப் பதினைந்து நிமிடம் பின்னால் போனவன் வேனில் ஏற வேண்டும். ஆகவே எந்த இடத்திலும் சாலை அடைபடுவது அதிகபட்சம் பதினைந்து நிமிடம். முடிவுக்கோட்டுக்கு முன் 300 மீட்டர் வளைவோ வேகத்தடையோ இல்லாத நேர்ச்சாலை. புறப்படுமுன் ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு பிரேக்கும் வேலை செய்கிறதா, ஹேண்டில் முனைகளில் பிடியோ அடைப்போ இருக்கிறதா (விழும்போது திறந்த குழாய் வயிற்றில் இறங்கும்), சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, சக்கர அச்சின் கோன் ஆடுகிறதா என்று பார்ப்போம். தேறாத வண்டி ஓடாது. தேர்த் திருவிழா அன்று டவுன் ரத வீதிகளை நாள் முழுக்க அடைத்து ஒழுங்காகத் திறக்கத் தெரிந்த ஊர் இது, பதினைந்து நிமிடம் நமக்குப் பெரிதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. விண்ணப்பத்தை மறுபடி இணைத்திருக்கிறோம், பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். நிபந்தனை போடுங்கள், ஏற்கிறோம். மறுப்பதானால் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு மறுங்கள். ‘ஊக்கமருந்தால் கெட்ட விளையாட்டு’ என்ற வரியை உங்கள் கோப்பிலிருந்து திரும்பப் பெறுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலுக்கு மேலே அந்த வரி நிற்கக்கூடாது.

சந்தேகம் தீர வேண்டுமானால், தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவுக்கு நீங்களே கடிதம் எழுதி எங்கள் பந்தயத்தில் மாதிரி எடுக்கக் கேளுங்கள். அதற்குச் சட்டமும் இருக்கிறது, 2022இல் நாடாளுமன்றம் இயற்றியது. பூட்டக்கூடிய ஓர் அறை, பக்கத்திலேயே கழிப்பறை, முத்திரை உடைக்காத தண்ணீர் பாட்டில்கள், மாதிரி கொடுப்பவரைக் கோட்டிலிருந்து அறை வரை கண்ணிலிருந்து விடாமல் அழைத்துவர ஆணும் பெண்ணுமாகத் தொண்டர்கள், சிறுவர்களுடன் இருக்கப் பெற்றோர்: இவ்வளவையும் நாங்கள் தருகிறோம். ஒருவருக்கு 90 மில்லி சிறுநீர், ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து முத்திரையிட வேண்டும். முன்கூட்டி யாருக்கும் சொல்ல வேண்டாம், எங்களுக்கும் சொல்ல வேண்டாம்.

மருத்துவர் சீட்டில்லாமல் மெஃபென்டெர்மின் விற்கும் கடைகள்மேல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைக் கொண்டு நடவடிக்கை எடுங்கள். விடியற்காலைப் பணப்பந்தயங்களை விரட்டுவதோடு நில்லாமல், நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு ஹெல்மெட், ஆம்புலன்ஸ், பெயர்ப்பதிவு என்ற நிபந்தனைகளோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பேசிப் பார்க்க நாங்கள் கூட வருகிறோம்.

சாலை உங்கள் நேரடிப் பொறுப்பில் இல்லை என்றால், பொறுப்பானவர்களுக்கு இந்த மடலை அனுப்பி எங்களுக்கு நகல் கொடுங்கள். இனி போடும் ஒவ்வொரு தார்ப்பணியிலும் விளிம்பை நிரப்பிய பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை, பட்டைகளில் இடது ஓரம் அரை மீட்டர் இடைவெளி, வடிகால் கம்பிகள் குறுக்காக, முள் வெட்டிய அன்றே அள்ளல். பஸ் டிப்போக்களில் ஓட்டுநர்களுக்கு நடத்தும் வகுப்பில் ஒன்றரை மீட்டர் பற்றி அரை மணி நேரம். ஆனிக் காற்று தொடங்குமுன் காவல்கிணறு பக்கத்து விளிம்புகள் முதலில். எந்தெந்த இடத்தில் எவ்வளவு பள்ளம் என்று அளவுகோல் வைத்து எடுத்த படங்களை விண்ணப்பத்தோடு சேர்த்திருக்கிறோம். நேரில் பார்க்க விரும்பினால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள், உங்கள் உயரத்துக்குச் சீட்டை ஏற்றி ஒரு சைக்கிளைத் தயாராக வைக்கிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள்